லூர்தம்மாளுக்கு நாலு சாவு

மேட்டுப்பட்டி லூர்தம்மாள் எத்தனை முறை செத்தார் என்று யாராவது கேட்டால் என்னிடம்தான் அனுப்புவார்கள். 1951 முதல் 1957 வரை அவர் ஒவ்வொரு முறை செத்தபோதும் படுதாவை இறக்கியவன் நான். இறக்கியது மட்டுமல்ல, மறுபடி தூக்கியவனும் நான்தான். நல்ல கூட்டம் கூடிய நாளில் நாலு சாவு. திருவிழா என்றால் ஐந்து. மழை வந்து ஆட்டம் பாதியில் நின்ற நாட்களில் மட்டும்தான் அந்த அம்மாள் சாகாமல் வீடு திரும்பியிருக்கிறார்.

என் பெயர் கருப்பணன். திண்டுக்கல்லில் நாச்சிமுத்து டிராமா கம்பெனி என்று ஒன்று இருந்தது. அதில் படுதா இழுப்பது என் வேலை. கம்பெனி என்றதும் பெரிதாக எதையும் நினைத்துக்கொள்ள வேண்டாம். மலைக்கோட்டைக்குப் பின்பக்கம் ஒரு பழைய புகையிலைக் கிட்டங்கி, அவ்வளவுதான். புகையிலை போய் வருஷக்கணக்காகியும் நெடி போகவில்லை. ஒத்திகையில் ராஜா தும்முவார், மந்திரி தும்முவார், தூதுவன் சேதியைச் சொல்வதற்குள் ஏழு தும்மல் போட்டுவிடுவான். அதுவே பழகிப்போய், வெளியூர் மேடையில் தும்மல் வராததால் வசனம் மறந்து நின்றவர்களை நான் என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

லூர்தம்மாள் சம்சாரி வீட்டுப் பெண். அப்பா சூசைமாணிக்கம் குத்தகை நிலத்தில் மொச்சையும் சோளமும் போட்டவர். மாதா கோயிலில் பாடிப் பாடி வளர்ந்த குரல். இயேசு பாடுபடும் பாஸ்கு நாடகத்தில் அழுகிற பெண்களில் ஒருத்தியாக நின்று, மற்ற எல்லார் அழுகையையும் அமுக்கிவிட்டார் என்று மேட்டுப்பட்டியில் இன்றும் சொல்வார்கள். கல்யாணம் ஆனது. புருஷன் இலங்கைக்குப் போனான், இரண்டு கடிதம் போட்டான், அத்தோடு சரி. இருபத்தெட்டு வயதில் எங்கள் கம்பெனிக்கு வந்தார். வந்த மாதமே ராணி வேஷம் கிடைத்தது. எனக்கு அவர் மூத்தவர், அதனால் லூர்தக்கா.

நாடகத்தின் பெயர் 'மதில் காத்த மாதரசி'. கடைசிக் காட்சியில் ராணி கோட்டை மதில் மேல் நின்று எட்டு வரிப் பாட்டு ஒன்று பாடுவாள். கீழே இருந்து எதிரி ராஜா அம்பு விடுவான். ராணி மார்பைப் பிடித்துக்கொண்டு பலகைத் தரையில் தடாலென்று விழுந்து சாவாள். மதில் என்பது இரண்டு பெஞ்சும் மேலே ஒரு மேஜையும். விழுவது நிஜமாகவே விழுவது. அந்தச் சத்தத்தில் முன்வரிசைக் குழந்தைகள் வீரிட்டு அழும். நான் படுதாவை இறக்குவேன். உடனே கூட்டம் எழுந்து நின்று கத்தும், "ஒன்ஸ்மோர்!"

ஒன்ஸ்மோர் கேட்டுவிட்டால் மறுக்கக் கூடாது. அது மேடை வழக்கம். பாட்டென்றால் பாட்டு, ஆட்டமென்றால் ஆட்டம், சாவென்றால் சாவு. படுதா மேலே போகும். செத்த ராணி எழுந்து சபைக்குக் கும்பிடு போடுவாள், சேலையைச் செருகிக்கொண்டு மேஜை மேல் ஏறுவாள், எட்டு வரியையும் முதலிலிருந்து பாடுவாள். எதிரி ராஜா வேஷம் கட்டிய மொக்கைச்சாமியிடம் இருந்தது ஒரே அம்பு. அதை எடுக்க அவன் பிணத்தின் பக்கத்தில் குனிந்து, "அக்கா, அம்பு மேல படுத்திருக்கீக, செத்த நகருங்க" என்று கெஞ்சுவான். மீசையும் கிரீடமும் பார்க்கத்தான் பயங்கரம். கம்பெனியிலேயே அவனைப் போல இளகின மனசுக்காரன் கிடையாது. ஒவ்வொரு அம்புக்கும் முன்னால் வாய்க்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுத்தான் விடுவான்.

முதலாளி நாச்சிமுத்துவுக்கு ஒட்டன்சத்திரம் பக்கம். காய்கறி வியாபாரத்திலிருந்து நாடகத்துக்கு வந்தவர். கோபமே வராது. யாரையும் 'ங்க' போடாமல் பேச மாட்டார். அவர் வேலையை விட்டு நிறுத்தியவர்கள்கூட, வாசல் தாண்டிய பிறகுதான் தங்களை நிறுத்திவிட்டார் என்பதைப் புரிந்துகொள்வார்கள். அவருக்கு ஒரே ஒரு கொள்கை. "ஏனுங்க, சந்தையில சனம் தக்காளி கேட்டா தக்காளி குடுக்கோணும். கத்திரிக்காயக் குடுத்துப்போட்டு நல்லா இருக்குதுன்னு சொல்லப்படாதுங்க. சனம் என்ன கேக்குதோ, அதைக் குடுக்கோணும்." இதை அவர் தினமும் சொல்வார். கேட்டுக் கேட்டு எங்களுக்குக் காது புளித்துவிட்டது.

ஐம்பத்தேழு தை மாதம் ஒரு திருவிழாவில் நாலு ஒன்ஸ்மோர், ஐந்து சாவு ஆயிற்று. மறுநாள் காலையில் லூர்தக்காவால் வண்டியிலிருந்து இறங்க முடியவில்லை. நானும் மொக்கைச்சாமியும் ஆளுக்கொரு தோளாகக் கொடுத்துக் கட்டு வைத்தியரிடம் கூட்டிப்போனோம். அவர் இடுப்பை அமுக்கிப் பார்த்தார். "ஒரு நாளைக்கு ஒருக்க விழுந்தா இந்த இடுப்பு தாங்கும். நீங்க சொல்ற மாதிரி விழுந்தா அடுத்த வருசம் கம்பு ஊனித்தான் நடக்கணும். அதுக்கடுத்த வருசம் கம்பு வாங்குறதும் வீண்" என்றார்.

லூர்தக்கா நேரே முதலாளியிடம் போனார். "முதலாளி, இனிமே ஒரு ஆட்டத்துக்கு ஒரு சாவுதான் சாவேன்."

"சாவுங்க அம்மணி, நானா வேண்டாங்கிறேன்? ஆனா சனம் கேக்குதுங்களே."

"இடுப்பு போயிருச்சு முதலாளி."

"அய்யோ பாவமுங்க" என்றார் நாச்சிமுத்து. நிஜமாகவே வருத்தப்பட்டார். வருத்தப்பட்டு, தேங்காய் நார் அடைத்த சாக்கு ஒன்று தைக்கச் சொன்னார். அடுத்த ஆட்டத்தில் லூர்தக்கா அதன் மேல் விழுந்தார். சத்தமே வரவில்லை. ராணி விழுந்தாளா படுத்தாளா என்று கூட்டத்துக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அதற்கடுத்த ஆட்டத்தில், ராணி விழும்போது மத்தளக்காரர் ஒரு பலகையைத் தட்ட வேண்டும் என்று ஏற்பாடு. மத்தளக்காரர் வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். ராணி விழுந்தாள், துடித்தாள், கண்ணை மூடினாள், அதன் பிறகு "தடால்" என்று கேட்டது. "செத்ததுக்கப்புறம் விழுறாடா!" என்று ஒருவன் கத்தினான். அதற்கும் ஒன்ஸ்மோர் கேட்டார்கள். சாக்கு அன்றோடு போயிற்று.

அப்போது எங்கள் ஊரில் தோல் பதனிடும் ஷாப்புகளில் தொழிலாளர் சங்கம் வலுவாக இருந்தது. அதில் மனு எழுதிக் கொடுப்பவர் ராமர். யார் எதைச் சொன்னாலும் மனுவாக்கிவிடுவார். அவரிடம் நான்தான் அக்காவைக் கூட்டிப்போனேன்.

"வேலையில ஓய்வு உண்டா தாயி?" என்று கேட்டார் ராமர்.

"செத்த பெறகு படுத்திருப்பேன். அதான் ஓய்வு."

"எம்புட்டு நேரம்?"

"ஒன்ஸ்மோர்னு கத்துற வரைக்கும்."

ராமர் பேனா மூடியைக் கழற்றினார். பிறகு எழுதினார்: 'மேற்படி தொழிலாளி வேலை நேரத்தில் நாளொன்றுக்கு நான்கு முறை இறக்க நேரிடுவதால், அதிகாரி சமூகம் அவர்கள் கருணை கூர்ந்து அதை ஒன்றாகக் குறைத்துத் தருமாறு பணிவுடன் வேண்டுகிறோம்.'

மனுவை எடுத்துக்கொண்டு ஓர் ஆபீசுக்குப் போனோம். எந்த ஆபீஸ் என்று நான் சொல்லப் போவதில்லை. அதிகாரி நல்ல மனுஷர். லூர்தக்காவை உட்காரச் சொன்னார். உட்கார்ந்தால் இடுப்பு வலிக்கும் என்று அக்கா நின்றார். பொம்பளை நிற்கும்போது தான் உட்காரக் கூடாது என்று அவரும் எழுந்து நின்றுகொண்டார். பேச்சு முடிகிறவரை இரண்டு பேரும் நின்றபடியே இருந்தார்கள்.

"இறந்தவர் யார்?"

"நாந்தாங்க."

"மனுவில் கையெழுத்து?"

"அதுவும் நாந்தாங்க."

"இறந்தவர் கையெழுத்துப் போட முடியாதேம்மா. வாரிசு யாராவது வரணும்." அவர் மனுவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "சரி, சாவு வேண்டாம், காயம் என்று வைத்துக்கொள்வோம். விழுந்த பிறகு எழுந்திருக்க முடிகிறதா?"

"அதாங்க என் கஷ்டமே. எந்திரிக்கச் சொல்றாக."

அதிகாரி நெற்றியைத் துடைத்துக்கொண்டார். ஏதாவது வழி கண்டுபிடித்தே தீருவது என்று அவருக்கு ஆசைதான். "தொழிற்சாலை என்றால் நான் வந்து பார்க்கலாம். உங்கள் கம்பெனியில் மெஷின் ஏதாவது இருக்கா?" என்று கேட்டார்.

அந்த நேரத்தில் நான் வாயைப் பொத்திக்கொண்டு நின்றிருக்க வேண்டும். "இருக்குங்க. படுதா இழுக்குற கப்பி இருக்கு" என்றேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. உடனே எழுதிக்கொண்டார். அடுத்த வாரம் கிட்டங்கிக்கு வந்தார், பதினாறு தும்மல் தும்மினார், என் கப்பியை நாலு பக்கமும் சுற்றி வந்து பார்த்தார். கை மாட்டிக்கொள்ளும் அபாயம் இருப்பதாகச் சொல்லி, அதற்குக் கம்பி வலை போட உத்தரவு போட்டார். நாச்சிமுத்து மறு பேச்சில்லாமல் போட்டுக் கொடுத்தார். ஆக, என் கைக்குப் பாதுகாப்பு வந்துவிட்டது. லூர்தக்காவின் இடுப்புக்கு ஒன்றும் வரவில்லை. அந்த வலையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போலிருக்கும்.

முதலாளி வேறு ஒரு வழி சொன்னார். "ராணி வேசத்துக்கு வேற அம்மணி யாரையாச்சும் பாத்துக்கறனுங்க. நீங்க தாதியா வந்துபோட்டுப் போங்க. தாதி சாகறதில்லீங்க."

தாதிக்குப் பாட்டும் இல்லை. ஒரே வசனம்தான்: "அம்மா, எதிரி வந்துவிட்டான்." லூர்தக்கா தலையை ஆட்டிவிட்டு வெளியே வந்தார். "அந்த எட்டு வரிய இன்னொருத்தி பாட நான் ஓரத்துல நின்னு கேக்கவா? அதுக்கு இடுப்பே போகட்டும்" என்றார். அவர் அழுது அன்றுதான் பார்த்தேன், மேடைக்கு வெளியே.

சித்திரையில் சாணார்பட்டிக்குப் பக்கத்து ஊர் ஒன்றில் அம்மன் கோயில் திருவிழா. கண்மாய்த் தண்ணீர் அந்த ஊருக்கு ராத்திரி முறை. மடையை விட்டுவிட்டு எவன் நாடகம் பார்ப்பான்? அதனால் பகலிலேயே ஆட்டம் போடச் சொல்லிவிட்டார்கள். உச்சி வெயில் இறங்காத நேரம். தென்னந்தட்டிப் பந்தலுக்குக் கீழே ஊரே வேர்த்து வழிந்தது. ராணி கிரீடத்தில் ஜிகினா ஒட்டிய பசை உருகி லூர்தக்காவின் காதோரம் வடிந்தது.

எட்டு வரியையும் பாடினார். அன்று பாடினது மாதிரி அவர் என்றும் பாடியதில்லை. மொக்கைச்சாமி மன்னிப்புக் கேட்டு அம்பை விட்டான். அக்கா விழுந்தார். நான் படுதாவை இறக்கினேன். வெளியே, "ஒன்ஸ்மோர்! ஒன்ஸ்மோர்!"

படுத்தபடியே லூர்தக்கா கண்ணைத் திறந்து என்னைப் பார்த்தார். "ஏலே கருப்பணா, தூக்காத. இன்னொருக்க விழுந்தா நான் எந்திரிக்க மாட்டேன்."

ஓரத்திலிருந்து முதலாளி, "தூக்குங்க, தூக்குங்க, சனம் கேக்குதுங்க" என்றார்.

நான் தூக்கினேன். மறைக்காமல் சொல்கிறேன், தூக்கிவிட்டேன். ஆறு வருஷப் பழக்கத்தில் கை தானாகக் கயிற்றை இழுத்தது என்று சொல்லிக்கொள்ளலாம். உண்மை அதுவல்ல. வேலை போய்விடும் என்ற பயம்தான்.

அக்கா கையை ஊன்றி எழப் பார்த்தார். முடியவில்லை. கூட்டம் விடாமல் கத்திக்கொண்டிருந்தது. அப்போது பொம்பளைகள் பக்கமிருந்து ஒரு அம்மாள் எழுந்து, தூக்குச்சட்டியும் கையுமாக விறுவிறுவென்று மேடையில் ஏறினார். சிவனம்மாள் என்று பெயர். கத்திரித் தோட்டத்திலிருந்து அப்படியே வந்திருந்தார், தலைத்துண்டைக்கூட அவிழ்க்கவில்லை. மேடை நடுவில் நின்று சபையைப் பார்த்துக் கத்தினார்.

"அடப் பாவிகளா! ஊரே 'ஒண்ணு மோரு, ஒண்ணு மோரு'ன்னு தொண்டை கிழியக் கத்துது. அம்புட்டுப் பேருல ஒருத்தன் எந்திரிச்சுப் போயி ஒரு வாய் மோரு கொண்டாந்தானா? இந்த வெயில்ல அம்புட்டு உசரத்துல இருந்து விழுந்து கெடக்கா புள்ள. நாக்கு வறண்டு சாகட்டும்னு பாக்குறீகளா?"

கத்திக்கொண்டிருந்தவர்கள் ஒவ்வொருவராக உட்கார்ந்தார்கள். சிவனம்மாள் தரையில் உட்கார்ந்து ராணியின் தலையைத் தூக்கப் பார்த்தார். அவரால் ஆகவில்லை என்றதும் எதிரி ராஜா வில்லைப் போட்டுவிட்டு ஓடிவந்து, ராணியைத் தன் மார்பில் சாய்த்துப் பிடித்துக்கொண்டான். பச்சை மிளகாயும் கருவேப்பிலையும் கிள்ளிப் போட்ட மோர். லூர்தக்கா பாதிச் சட்டியைக் குடித்துவிட்டுத்தான் மூச்சு விட்டார். பிறகு அழுதார்.

"ஆறு வருசமா சாவுறேன் தாயி. குடிக்க என்ன வேணும்னு ஒருத்தரும் கேட்டதில்ல."

அந்த வார்த்தை என்னையும் சேர்த்துத்தான். நான் கயிற்றைப் பிடித்தபடி தலையைக் குனிந்துகொண்டேன்.

கூட்டத்தில் கொஞ்சம் படித்த ஆள் ஒருவன் எழுந்தான். "ஆத்தா, அது மோரு இல்ல. ஒன்ஸ்மோர். செஞ்சதையே திரும்பச் செய்யச் சொல்றது."

"எதைத் திரும்பச் செய்யச் சொல்ற? விழுகவா?" சிவனம்மாள் அவனை ஏற இறங்கப் பார்த்தார். "ஏன்டா, போன வருசம் உங்கப்பன் தென்னையில இருந்து விழுந்தானே, அன்னைக்கும் நீ இப்பிடித்தான் கத்துனியா?"

பந்தல் சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். நாச்சிமுத்து கையைக் கூப்பிக்கொண்டு மேடைக்கு வந்தார். "ஏனுங்க அம்மா, கோவிச்சுக்காதீங்க. சனம் கேக்கறதைக் குடுக்கோணும், அதுதானுங்க நம்ம கொள்கை."

"நல்ல கொள்கைதான். மோரு கேட்டாக, குடுத்தாச்சு. இன்னும் எவனுக்கு மோரு வேணும்?"

வேகாத வெயில். "எனக்கு!" என்று பின்னாலிருந்து ஒருவன் கத்தினான். "எனக்கும் ஆத்தா!" என்று இன்னொருவன். அவ்வளவுதான், பொம்பளைகள் எழுந்து வீட்டுக்கு ஓடினார்கள். பானை பானையாக மோர் வந்தது. சபை குடித்தது, எதிரிப் படை குடித்தது, மத்தளக்காரர் வெற்றிலையைத் துப்பிவிட்டுக் குடித்தார். நாச்சிமுத்து கையிலும் ஒரு செம்பைத் திணித்தார்கள். அவர் அதைப் பிடித்தபடி வெகுநேரம் யோசித்துக்கொண்டிருந்தார். தன் கொள்கையில் எங்கே ஓட்டை என்று தேடியிருப்பார். கிடைக்கவில்லை. கேட்டது மோர், கொடுத்தது மோர். அன்று ராணி ஒரு சாவோடு நின்றாள். கையில் செம்பு இருந்த ஒருவனும் மறுபடி கேட்கவில்லை.

சேதி எங்களுக்கு முன்னால் ஊர் ஊராகப் போய்விட்டது. கன்னிவாடியில் நாங்கள் போய் இறங்கியபோது மேடை ஓரத்தில் இரண்டு பானை மோர் தயாராக இருந்தது. கூட்டம் ஒன்ஸ்மோர் என்று கத்தியது, நாச்சிமுத்துவே செம்பை எடுத்துக்கொண்டு மேடைக்கு வந்தார். லூர்தக்கா சம்மணம் போட்டு உட்கார்ந்து குடித்தார். நாலு ஒன்ஸ்மோருக்கு நாலு செம்பு. "ஏலே, இதுக்கு நாலு தடவை செத்தே போயிருக்கலாம் போல. வயித்துல எடமில்ல" என்று என்னிடம் முனகினார். அன்றே அவர் முதலாளியிடம் புதிதாக ஒன்று கேட்டார். மோர் எல்லாருக்கும் வேண்டும், குடிக்கிற வரைக்கும் எல்லாரும் உட்கார வேண்டும்.

அப்படித்தான் எங்கள் கம்பெனிக்கு ஓய்வு வந்தது. பாட்டுக்கு ஒன்ஸ்மோர் கேட்டாலும் மோர், சண்டைக்குக் கேட்டாலும் மோர். மொத்தக் கம்பெனியும் உட்கார்ந்துவிடும். காலை மடக்கி மடக்கி மரத்துப்போன ஆர்மோனியக்காரர் எழுந்து நடப்பார். துடைப்பத்தால் அடி வாங்கும் பபூனுக்கும் ஆட்டத்துக்கு ஒரு அடிதான் என்று ஆயிற்று. கூட்டமோ, மோர் வருகிறது என்று தெரிந்ததும் முன்னைவிட அதிகமாகக் கத்தத் தொடங்கியது. மூன்று மணி நேர நாடகம் ஐந்து மணி நேரம் ஓடியது, அதில் இரண்டு மணி நேரம் நாங்கள் உட்கார்ந்திருந்தோம். கப்பிக்கு வலை போட்ட அதிகாரி ஒருநாள் வந்து முன்வரிசையில் உட்கார்ந்தார். இரண்டு செம்பு குடித்தார். எதையும் எழுதிக்கொள்ளவில்லை. எல்லாம் தன் யோசனை என்று நாச்சிமுத்து அவரிடம் சொல்லிக்கொண்டிருந்தார். சொல்லிவிட்டுப் போகட்டும்.

லூர்தக்கா 1964 வரைக்கும் ராணியாக இருந்தார். ஆட்டத்துக்கு ஒருமுறை விழுந்தார், ஒருமுறை செத்தார். ஒருநாள் போதும் என்று தோன்றியது, சொல்லிவிட்டார். கடைசி ஆட்டம் முடிந்து மறுநாள் காலையில் திண்டுக்கல் பஸ் ஸ்டாண்டில் இறங்கினோம். நாச்சிமுத்து அவருக்காக ஒரு ஜட்கா வண்டியைப் பிடித்து நிறுத்தியிருந்தார்.

"வண்டி வேணாம் முதலாளி. காலு இருக்கு" என்றார் லூர்தக்கா.

மேட்டுப்பட்டியைப் பார்த்து நடக்கத் தொடங்கினார். அவருடைய தகரப் பெட்டி என் தலையில். கம்பும் கிடையாது, கைத்தாங்கலும் கிடையாது. அந்த நடைக்கு என்னால் ஈடுகொடுக்க முடியவில்லை. ஏழு வருஷமாக நெஞ்சில் கிடந்ததை அன்று எப்படியும் கேட்டுவிடுவது என்று இருந்தேன். மூச்சு வாங்க ஓடிப்போய்ப் பக்கத்தில் சேர்ந்துகொண்டேன்.

"அக்கா, அன்னைக்கு நீங்க தூக்காதன்னு சொன்னீக. நான் தூக்கிப்புட்டேன்."

அவர் நிற்கவில்லை. திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

"ஆமா, தூக்குன. நான் மறக்கல" என்றார். "இப்ப பெட்டியத் தூக்கிட்டு வா."